‘வாயப்பயம்’ நோய் இல்லை: பேச்சு-மொழி முதுகலைப் படிப்புக்கு விதி எழுதுகிறவர்களுக்கு

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், பேச்சு-மொழி நோயியலில் எம்.எஸ்சி. நடத்தும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் குடியாத்தம் பக்கம் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு-மொழி இளங்கலை) முடித்து 4 ஆண்டு ஆகிறது. படிப்பு 3 ஆண்டு, இன்டர்ன்ஷிப் 1 ஆண்டு, கவுன்சிலின் பதிவு எண் என்று எல்லாம் முறையாக உண்டு. இந்த முறை எம்.எஸ்சி.க்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தகுதி விவரங்களை உட்கார்ந்து படித்தேன். இளங்கலையில் 55 விழுக்காடு, சில இடங்களில் கொள்குறி வகை நுழைவுத் தேர்வு, சேர்ந்த பிறகு 2 ஆண்டு, ஓர் ஆய்வேடு, நோயாளிகளோடு பயிற்சி. எல்லாம் சரிதான். ஆனால் பேச்சைத் திருத்தப் போகிறவரிடம், ‘எந்த ஊர்ப் பேச்சு உனக்குக் காதில் பழக்கம்?’ என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருஷம் ஒரு அம்மா தன் 5 வயதுப் பையனைக் கூட்டிவந்தார். கையில் ஒரு ரிப்போர்ட். எங்கே எழுதியது என்பது இங்கே வேண்டாம். முதல் வரி, ‘ழகரம் யகரமாக ஒலிக்கிறது, பயிற்சி தேவை’. வாரம் ஒரு நாள் என்று மூன்று மாதம் மழை, கிழங்கு, வாழைப்பழம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தது போக, அந்தந்த நாளின் பீடிக் கூலியும் அம்மாவுக்குப் போச்சு.

நான் படக்கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன். வாழைப்பழப் படத்தைப் பார்த்ததும் பையன் உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினான். “சொல்லுடா, வாயப்பயம்” என்றார் அம்மா. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். “நாங்களே அப்பிடித்தான் மேடம் சொல்றோம். அதான் இவனுக்கு வந்துடுச்சா?”

வட ஆர்க்காட்டில் ‘மயை’ பெய்யும், ‘கெயவி’ திட்டுவாள், சந்தையில் ‘கெயங்கு’ விற்கும். சென்னை வரைக்கும் இதுதான் வழக்கு. மதுரைப் பக்கம் போனால் அதே பழம் ‘பளம்’ ஆகிவிடும். இரண்டும் நாக்கின் கோளாறு இல்லை, அந்தந்த ஊரின் பேச்சு. பையன் தன் அம்மாவிடம் கற்றதைச் சரியாகத்தான் கற்றிருக்கிறான்.

அடுத்த கார்டு காக்கா. “தாத்தா” என்றான். கீரை ‘தீரை’, குருவி ‘துருவி’. நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டிய இடத்தில் நுனி எழுகிறது. 2, 3 வயதுக் குழந்தைகள் இப்படிப் பேசுவது சகஜம். 5 வயதிலும் அப்படியே நின்றால்தான் நமக்கு வேலை. வீட்டில் காக்காவைத் தாத்தா என்கிறான் என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், தாத்தா உட்பட. ரிப்போர்ட்டில் இதுவும் இருந்தது, நாலாவது வரியில். மூன்று மாதத்தில் அந்த வரிக்கு யாரும் வந்து சேரவில்லை.

எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ழகரம் என்றால் நம் எல்லோருக்குமே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெருமை, ஒரு பயம். (இது அந்தப் ‘பயம்’ இல்லை.) வட்டார வழக்கைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம். நானும் படித்துத்தான் தேறினேன். படித்ததைக் காது கேட்டுப் பழக ஆள் வேண்டும், இடம் வேண்டும், நாள் வேண்டும். அதைத்தான் முதுகலை தர வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குள் நுழையவே முதுகலை வேண்டும். அங்குள்ள பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். அதில் 25 மணி கூட இருந்து பார்ப்பது, 375 மணி தானே செய்வது. அதற்குப் பிறகு தேர்வு, மேற்பார்வையில் வேலை என்று நீளும். மணிக்கணக்கை விட எனக்குப் பிடித்தது வேறு. ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் பேச்சுக் குறைபாடு ஆகாது என்று அந்தச் சங்கம் 1983-லேயே தன் நிலைப்பாடாக எழுதி வைத்துவிட்டது. கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு ஆங்கிலத்தை நோய் என்று எழுதக்கூடாது என்பது அதற்குள் அடக்கம். தமிழுக்கு அப்படி ஒரு வரியை நீங்கள் எழுதிக் கொடுத்தால், ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுப்பேன்.

இன்னொன்று. எங்கள் பக்கம் தமிழோடு முடிவதில்லை. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டோடு இருந்த ஊர். குடியாத்தத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பங்கரைப் பேச்சு தெலுங்குதான். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்றால் உருது. பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு நெசவாளர்ப் பெரியவரை எனக்குத் தெரியும். தறிக்கூடத்தில் தமிழ், வீட்டில் தெலுங்கு. தமிழில் மட்டும் கேள்வி கேட்டு, ‘ஒரு சொல்லும் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். எழுதிய ஆள் வேறு யாரும் இல்லை, நான்தான். பக்கத்தில் இருந்த அவர் மனைவி டம்ளரைத் தூக்கிக் காட்டித் தெலுங்கில் ஏதோ கேட்டார். மெதுவாக, ஆனால் தெளிவாக, “நீள்ளு” என்றார் பெரியவர். தண்ணீர் என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கு அந்த ஒரு சொல் அளவுக்குத்தான் தெரியும். நல்ல வேளை, அது தெரிந்திருந்தது. அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அந்த அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆகவே கேட்கிறேன். மாணவர்கள் பயிற்சி மணிக்கணக்கு எழுதும் பதிவேட்டில் தேதி, வயது, குறைபாடு, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று எழுதினோம். அதோடு ‘வீட்டில் பேசும் மொழி, ஊர்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். ரிப்போர்ட்டில் பிழை என்று எழுதும் ஒவ்வொரு ஒலியையும் அதே வீட்டுப் பெரியவர் ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதிய பிறகுதான் கையெழுத்து என்று விதி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த 2 ஆண்டில் ஒரு மாதமாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே, எங்கள் மாவட்டத்து அணைக்கட்டு ஊர், மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை மாதிரி இடங்களுக்கு அனுப்புங்கள். ஜவ்வாது மலைப் பேச்சை ஏ.சி. அறையில் கேட்க முடியாது.

அனைத்திந்திய இடங்களில் சேரும் பிள்ளைகள் தமிழ் தெரியாமல் வருவார்களே என்பீர்கள். வரட்டும். மொழி தெரியாதவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. வேலூர் ஆஸ்பத்திரித் தெருக்களில் கடைப் பலகையே வங்காள மொழியில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வேற்று மொழி புதிதில்லை. தெரியாதவர் கேட்டுக்கொண்டு எழுதுவார். பாதி தெரிந்த எங்களை மாதிரி ஆட்கள்தான் கேட்காமல் எழுதிவிடுகிறோம்.

சேர்க்கையைப் பற்றியும் ஒன்று, எனக்காகவும்தான் கேட்கிறேன், மறைப்பானேன். மாவட்டத்தில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தவருக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கக் கூடாதா? படித்து முடித்த கையோடு எழுதுகிறவர்களோடு, மாலை 6 மணி வரை படக்கார்டு பிடித்துவிட்டு வந்து எழுதும் நாங்கள் போட்டி போடுகிறோம்.

அந்தப் பையனுக்கு இப்போது க வந்துவிட்டது. சொல் தொடக்கத்தில் வருகிறது, நடுவில் இன்னும் சறுக்குகிறது. குழந்தைகளும் அவர்கள் அம்மாக்களும் ஒரே படத்துக்குச் சொன்ன சொற்களை, ஊர் பெயரோடு, இரண்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் பெயரும் அதில் இல்லை. உங்கள் குழுவுக்குப் பயன்படும் என்றால் சொல்லுங்கள், நகல் எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். என் கையெழுத்துக்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்