மொட்டையாய் நிற்கும் கறிவேப்பிலையை எறிய வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஏப்ரல் கடைசியில், குளிர்காலம் முடிந்த கையோடு, கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம் வீதியோரங்களில் தோட்டக் கழிவோடு கறிவேப்பிலை மரங்களும் சாடியோடு கிடக்கின்றன. இலையில்லை, ஆகவே பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பலவற்றில் உயிர் இருக்கும்.

இலையுதிர் காலத்தில் உள்ளே எடுத்த மரம் வெளிச்சமும் சூடும் குறைய இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். அது நோயல்ல. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். நுனியில் தொடங்கிக் கீழே வாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்த பகுதியை வெட்டிவிடலாம். அடிவரை காய்ந்திருந்தாலும் ஜூன் முடியும்வரை பொறுங்கள். கறிவேப்பிலை வேரிலிருந்தும் கன்று விடும். விதையில் வந்த மரமென்றால் அந்தக் கன்றும் அசல் கறிவேப்பிலைதான். (ஒட்டு எலுமிச்சைக்கு இது பொருந்தாது. ஒட்டுக்குக் கீழே வருவது வேறு இனம், கிள்ளிவிட வேண்டும்.)

இந்த மரங்களைக் குளிரைவிடக் கூடுதலாகக் கொல்வது நம்முடைய கரிசனைதான். துளிர்க்கவில்லையே என்று தினமும் தண்ணீர் விடுகிறோம். இலையில்லாத மரம் தண்ணீரை இழுப்பது மிகக் குறைவு; சாடி மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். அழுகிய வேரை இழுத்தால் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் கையில் வரும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள், அதுவும் குளிர்நீர் வேண்டாம். பேஸ்மென்ட் சீமெந்துத் தரையில் சாடியை வைக்கவே கூடாது. அறை 22 பாகை செல்சியஸாக இருந்தாலும் அங்கே மண் 15 பாகையில் நிற்கலாம். இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் வெப்பமானியை மண்ணில் குத்தினால் தெரிந்துவிடும். மண் 20 பாகையைத் தாண்டினால்தான் மொட்டு நன்றாக விழிக்கும். சாடியைப் பலகைமேல் ஏற்றி, விதை முளைக்கவைக்கும் சூட்டுப் பாயைக் கீழே விரித்தால் வித்தியாசம் தெரியும்.

இலை விழுந்த தழும்புக்கு மேலே கடுகளவு பச்சை முடிச்சுத் தெரிந்தவுடன் பசளைப் போத்தலைத் தூக்க வேண்டாம். உறங்கும் வேர் அதை எடுக்காது. உப்பு மண்ணில் தங்கி வேர் நுனியைக் கருக்கும். குருத்து இரண்டு அங்குலம் நீண்ட பிறகு, போத்தலில் சொன்ன அளவில் பாதி போதும். சாடி மாற்றுவதும் அப்போதுதான்.

மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை வார இறுதியென்றால் எல்லாச் சாடியும் வெளியே வந்துவிடுகிறது. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்காமல் நிலைக்கச் சில வருடங்களில் ஜூன் பிறந்துவிடும்; அதுவரை பொறுப்பது நல்லது. வீட்டுக்குள் விட்ட குருத்துக்கு நேர்வெயில் பழக்கமில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம், நாளுக்கு நாள் கூட்டிப் பத்து நாளில் முழு வெயில். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெளிறிக் கருகும். அப்படிக் கருகினாலும் மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். அந்த நேரத்திலும் தண்ணீரைக் குறைத்தே விடுங்கள்.

ஒரு வாசகர்,
ஸ்காபரோ