இடது பக்க இருக்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதில் புதுச் செய்தி ஒன்றுமில்லை.

ஆயில் பார்த்தாயா? சலித்துக்கொள்ளாதே. எண்ணெய் விடாமல் ஒரு நாள்கூட நான் லேத்தைச் சுழற்றியதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆயில் குடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கார். பிஸ்டன் என்ஜின் ஆயில் குடித்தால் நோய் என்போம். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலுகிற இந்த ரோட்டரி என்ஜின் குடிக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இடைவெளியை அடைத்துக்கொண்டு இருக்கிற அபெக்ஸ் சீல் காய்ந்துவிடாமல் இருக்க, ஒரு சின்னப் பம்பு சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறையாவது ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டேன் என்று வாயால் சொல்லாதே, பார்.

உங்கள் கார் கிளப்பின் தாடிக்காரர் படங்கள் அனுப்பியிருந்தார். நட்டைக் கழற்றும்போது சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் பிளைவீல் பூட்டு கடைந்து கொடுத்ததிலிருந்து அவர் என்னை மறப்பதில்லை. அந்த 54 மில்லிமீட்டர் நட்டோடு முன்பு நான்கு பேர் தேர் இழுப்பதைப் போல மல்லுக்கட்டினீர்களே, இப்போது ஒருவரே கழற்றிவிடுகிறாராம். கிளப்பில் யார் என்ஜினை இறக்கினாலும் முதலில் 'அப்பாவின் பூட்டு எங்கே' என்றுதான் கேட்கிறார்களாம். என் பெயரை அதில் பொறித்து அனுப்பச் சொன்னார். வேண்டாம் என்றேன். பொறித்திருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி.

மொத்தம் பதினொரு படம். எட்டாவது படத்தில் உன் வண்டியின் இடது கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருக்கை இல்லை. வெறும் தகடும் நான்கு போல்ட் துளைகளும் தெரிகின்றன. 'எடைக் குறைப்பு ஆரம்பம்' என்று தாடிக்காரர் கீழே எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேட்கத்தான் நினைத்தேன். நீ டர்போவின் காற்றழுத்தத்தை அடக்குகிற பூஸ்ட் கன்ட்ரோலரைப் பற்றியே பேசிக்கொண்டு போனாய், நானும் ம் கொட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டதற்கு, வெளியே போயிருக்கிறார் என்றாய். முந்தின ஞாயிறும் வெளியே போயிருந்தார். அதற்கு முந்தின ஞாயிறும். இருக்கட்டும், வேலை இருக்கும்.

இருக்கைக்கு வருகிறேன். நான்கு சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடை எடுத்தீர்கள் அல்லவா, அந்தத் தாளைத் தேடி எடு. ஸ்டியரிங் வலது பக்கம். நீ ஏறி உட்கார்ந்ததுமே பாரம் வலது பக்கம் கூடிவிடுகிறது. இடது பக்கம் இருந்த இருக்கையையும் எடுத்துவிட்டால் அது இன்னும் கூடத்தானே செய்யும்? சஸ்பென்ஷனைத் திருகிச் சரிசெய்துகொள்வேன் என்பாய். மூலைக்கு மூலை குறுக்காக விழும் பாரத்தை அப்படிச் சரிசெய்யலாம். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்பிரிங் மாற்றாது, அம்மா. அதற்குப் பாரத்தையே நகர்த்த வேண்டும். முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி வர வேண்டும் என்று அந்தச் சின்ன என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்து எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 1,300 கிலோவை ஒட்டிய வண்டி. ஒரு இருக்கை பதினைந்து கிலோ இருக்குமா, இருபது இருக்குமா? அதுவா உனக்குச் சுமை? எடை குறைக்கத்தான் வேண்டுமென்றால் சக்கரத்தில் குறை. சுழலுகிற இடத்தில் ஒரு கிலோ போனால் ஸ்டியரிங்கிலும் தெரியும், பிரேக்கிலும் தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். பூஸ்ட் சோதனை ஓட்டத்தில் மீட்டரை இப்போது யார் படிக்கிறார்கள்? பழைய வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை 'பாயிண்ட் ஆறு, பாயிண்ட் ஆறு, பாயிண்ட் ஏழு' என்று சர்வே நம்பர் வாசிப்பவர் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். 4,500 சுற்றில் இரண்டாவது டர்போ வந்து சேர்ந்ததும் குரல் ஒரு முழம் எகிறுகிறது. நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், சத்தத்துக்காக.

கம்ப்யூட்டரே பதிவு செய்துகொள்ளும் என்று நீ சொல்லலாம். பதிவு செய்யும், சரி. 'போதும், காலை எடு' என்று சொல்லுமா?

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீ சைலன்சர் குழாயில் செய்திருக்கிற வேலை அப்படி. டர்போவுக்கு அடியில் புகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சின்ன கேட்டலிட்டிக்கை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டாய். அதில்கூட ஒரு நியாயம் இருக்கிறது, அந்தச் சூட்டில்தான் மேலே இருக்கிற ரப்பர் குழாய்களெல்லாம் வெந்து அப்பளமாகின. ஆனால் பின்னால் இருந்த பெரியதையும் எடுத்துவிட்டு, 'இழுவை கூடிவிட்டது அப்பா' என்கிறாய். கூடாமல் என்ன செய்யும்? புகைக்குத் தடை இல்லாவிட்டால் டர்போ தன் இஷ்டத்துக்குச் சுழலும். டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட்டின் வாய் சின்னது. முழுக்கத் திறந்தாலும் மிச்சத்தை வெளியே விட அதனால் முடியாது. நீ வைத்த இடத்தில் பூஸ்ட் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் கிடைக்காமல் உள்ளே ஒரே ஒரு முறை நேரம் தப்பி வெடித்தால் போதும், அபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு எங்கே போகும்? வெளியேறுகிற வழியில் டர்போவின் இறக்கைகளை அடித்துவிட்டுத்தான் போகும். முதலில் குளிர்ச்சி, அடுத்து மீட்டர், அப்புறம் கம்ப்யூட்டரில் பெட்ரோல் கணக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பூஸ்ட் என்று தாடிக்காரர் புதிதாகச் சேருகிற பையன்களுக்குச் சொல்கிறாராம். அந்தப் பையன்களுக்கு நீயே சொல்லிக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். ஊருக்குச் சொல்கிறவள் உன் வண்டிக்கும் சொல்.

கோபமாக எழுதிவிட்டேன். வேக்யூம் குழாய் விஷயத்தில் உன்னை மெச்ச வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துவிட்டது. சிக்கல் விழுந்த நூற்கண்டு மாதிரி கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் கட்டி, படம் வரைந்து, சிலிக்கான் குழாய் போட்டு மறுபடி மாட்டியிருக்கிறாய். இரண்டு டர்போவும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது அந்தக் குழாய்களை நம்பித்தான். கிளப்பில் பாதிப்பேர் அதற்குப் பயந்து ஒற்றை டர்போவுக்குப் போய்விட்டார்கள் என்று நீதான் சொன்னாய். என் கையில் படித்த பிள்ளை, பயப்படவில்லை.

தண்ணீர் வெப்ப மீட்டர் போட்டுவிட்டாயா? வண்டியோடு வந்த மீட்டரை நம்பாதே. ஓட்டுபவர் பதற வேண்டாம் என்றோ என்னவோ, சூடு நன்றாக ஏறும் வரைக்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். முள் அசைகிறதே என்று நாம் பார்க்கும் நேரத்தில், ரோட்டரைச் சுற்றியிருக்கிற ஹவுசிங் கூடுகளுக்கு நடுவே இருக்கிற தண்ணீர் சீல் வெந்திருக்கும். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, என்ஜினை இறக்கு என்பார்கள். நடுவில் நிற்கிற முள்ளைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. போனில் நீ நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிற குரல் மூன்று வாரமாக ஒரே மாதிரி இருக்கிறது. அம்மா கவனித்தாளா என்று தெரியவில்லை.

இந்த என்ஜினை நான் முதலில் கேலி செய்தேன், நினைவிருக்கிறதா? பிஸ்டன் இல்லாத என்ஜின், தலை இல்லாத ஆள் என்றேன். 1967இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் வருவதற்கு முன் ஹிரோஷிமாவில் அந்தக் கம்பெனியின் யாமமோட்டோ கெனிச்சி தலைமையில் நாற்பத்தேழு பேர் பட்ட பாட்டைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். சீல் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங்கின் உட்சுவரெல்லாம் வரி வரியாகக் கோடு விழுந்ததாம். பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். என் பட்டறையில் வேலை கெட்டால் அந்தத் துண்டைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவேன், நீ பார்த்திருக்கிறாய். அவர்கள் கீறலுக்குப் பெயர் வைத்து மேசைமேல் போட்டுப் பேசியிருக்கிறார்கள். 1991இல் லெமான் பந்தயத்தில் மாஸ்டாவின் நான்கு ரோட்டர் வண்டி ஜெயித்ததைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ரோட்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தால் எண்களை எழுதுவாயே, இந்த முறை ஏன் எழுதவில்லை? ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டர், ஆறு எண்கள். சாதாரண மீட்டரில் பார்த்தால் மூன்றில் நல்லது ஒன்றைத்தான் காட்டும், மோசமானது ஒளிந்துகொள்ளும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். எண் உயரமாக இருப்பதைவிட ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றாய். எழுதாமல் விட்டதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

பச்சை வண்டி உனக்கு நினைவிருக்கும். அதில் முன் இருக்கை கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் ஏற்றுவதற்காக ஒரு நாள் கழற்றினேன். ஒரு நாள்தான் என்று சொன்னேன். இரண்டு வருடம் அது பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது, பூனை குட்டி போட்டது. நீயும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து வருவீர்கள். உனக்கு அது விளையாட்டு, 'டிரைவர், வண்டியை எடு' என்பாய். இருக்கை எப்போது வரும் என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். இந்த வேலை முடியட்டும் என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

கார்புரேட்டர் இருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு இரவில் பட்டறைக்குப் போவேன். அது நாற்பது நிமிட வேலை. மிச்ச நேரம் விளக்கை எரியவிட்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குள் வந்தால் பேச வேண்டுமே. என்ன சண்டை என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சண்டையே இல்லை, அதுதான். சித்திக்குப் பிரசவம், அம்மா துணைக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். பிரசவம் உண்மை. குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியும் அம்மா ஏன் வரவில்லை என்று நீ என்னைக் கேட்கவே இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

அவளைக் கூப்பிடப் போன அன்று விடியற்காலையில் இருக்கையைத் துடைத்து மாட்டினேன். நான்கு போல்ட், அதில் ஒன்று துருப்பிடித்திருந்தது. அதையும் சேர்த்து இருபது நிமிடம். சித்தி வீட்டு வாசலில் அம்மா முன் கதவைத் திறந்தாள். இருக்கையைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். வீடு வரும் வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

உன் வண்டியின் இருக்கையை யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ கழற்றினாயோ, அவர் கழற்றச் சொன்னாரோ, உண்மையிலேயே எடைக்காகத்தானோ. போல்ட் நான்கையும் ஒரு டப்பியில் போட்டு மேலே பெயர் எழுதி வை. வேறு போல்ட் பக்கத்து அளவில் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதே, சீட் பெல்ட்டின் கொக்கியும் அந்த இருக்கையோடுதான் இருக்கிறது. துளைகளில் தூசி போகாமல் டேப் ஒட்டு.

பார்சலில் இன்னொரு பிளைவீல் பூட்டு வருகிறது. பழையதில் பல் ஒன்று தேய்ந்திருப்பது படத்தில் தெரிந்தது. இதில் பெயர் பொறித்திருக்கிறேன், உன் பெயரை. யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்கள் என்று அம்மா கேட்டாள். பாப்பாவின் வண்டியைப் பற்றி என்றேன்.

ஆறு எண்களையும் எழுது. குறைவாக இருந்தாலும் அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள், நான் பட்டறையில்தான் இருப்பேன், போன் கையில் இருக்கும். ஆயில் பார்த்துவிட்டுப் பேசு.