மேனிஃபோல்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பங்குனி பிறந்ததிலிருந்தே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேண்டும்!

சரி, அம்பாசடர் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வண்டியை நீ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உத்தரபாராவில் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. பானெட்டுக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க, எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் அந்த வார்ப்பிரும்புக் குழாய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மட்டும் துருவேறிச் செங்கல் நிறத்தில் நிற்பது உன் கண்ணை உறுத்துவது நியாயம்தான். ஆனால் பெயிண்ட் கடையில் கொடுத்த அந்த வெள்ளி நிறச் சைலன்சர் பெயிண்டை அதில் அடிக்காதே. வார்ப்பிரும்பு வார்ப்பிரும்பாகவே தெரிய வேண்டும். அதுதான் அதற்கு அழகு.

வார்ப்பிரும்பு காற்றும் ஈரமும் பட்டாலே துருப்பிடிக்கும். அதிலும் மேனிஃபோல்டு தினமும் சூடாகி ஆறுவது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கீழ் கியரிலேயே ஏறினால் அந்த இரும்பு என்ன சூடாகும் என்று யோசித்துப்பார். சாதாரண எனாமல் பெயிண்ட் முதல் ஓட்டத்திலேயே புகைந்து உரிந்துவிடும். சிலிக்கோன் வகைப் பெயிண்ட் 600 டிகிரி வரை தாங்கும்தான். ஆனால் அடியில் துளி எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தாலும் அந்த இடத்தில் செதிலாகப் பெயர்ந்து வரும். ஜிங்க் கலந்த பெயிண்ட் பக்கமே போகாதே. ஜிங்க் 420 டிகிரிக்குள் உருகிவிடும், அதன் புகையும் கெடுதல். பழைய ஜாகுவார் கார்களின் எக்ஸ்கே எஞ்சின் மேனிஃபோல்டுகளில் கறுப்புப் பீங்கான் எனாமல் இருக்கும்; கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கி இரும்போடு ஒட்டவைப்பது. பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் நம் அம்பாசடருக்கு அந்த மினுமினுப்பு ஒட்டாது.

கழற்றும்போது அவசரப்படாதே. மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரை ஆணியை, அதாவது ஸ்டட்டை, சூடாக்கி, அடியில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். நட்டு பெரும்பாலும் முறியாமல் கழன்று வரும். நடுவே அடைப்பாக இருக்கும் பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்டு, தூசு பறக்கக்கூடாது. கழற்றியதும் ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிப்பார். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் எங்கேயோ விரிசல் இருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே அழகுபடுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

துருவை எடுக்க கிரைண்டர் வைத்துவிடாதே. நான் இவ்வளவு தூரம் எழுதுவதே இதற்காகத்தான். மணல் அச்சில் வார்த்த இரும்பின் மேல்தோலில் மணலின் பொரபொரப்பு அப்படியே பதிந்திருக்கும். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், எழுத்தும் எண்ணும் புடைத்துக்கொண்டு நிற்கும். கிரைண்டர் பட்டால் அத்தனையும் வழித்துக்கொண்டு போய்விடும், திரும்ப வராது. அதனால் மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகில், ஊறப்போடு. மாட்டுத்தீவனத்துக்கு வாங்குவார்களே, அதேதான். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், மூழ்கும்படி ஒரு டிரம், ஒன்றிரண்டு வாரம் பொறுமை. நாற்றம் வீட்டில் சண்டையைக் கிளப்பும், தோட்டத்துப் பக்கம் வை. துருவை மட்டும் தின்றுவிட்டு நல்ல இரும்பை அப்படியே விட்டுவிடும். அலுமினியத்தை அதில் போடாதே, அரித்துவிடும். அதனால் கார்புரேட்டர் பக்கத்து இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயை, தனியே கழற்றிவை.

எடுத்ததும் நன்றாகக் கழுவி அடுப்புச் சூட்டில் உடனே காயவை. அரை மணி விட்டால் மறுபடி மஞ்சள் படர ஆரம்பித்துவிடும். அப்புறம் கிராஃபைட் தூளைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, துணியால் மெல்லிசாகத் தேய். வார்ப்புப் பட்டறைகளில் அச்சுக்குப் பூசுவதும் அந்தத் தூள்தான். சூடுபடுத்தினால் எண்ணெய் எரிந்து போய் கிராஃபைட் மட்டும் தங்கும். ஆறியதும் ஷூ பிரஷ்ஷால் தேய்த்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் அடக்கமான ஒரு பளபளப்பு வரும். இது நிரந்தரமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும். ஆனால் உரியாது.

மாட்டும்போது பித்தளை நட்டுகளே போடு, துரு கட்டிக்கொள்ளாது. எஞ்சினோடு ஒட்டும் முகம் சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடு. வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து இழைத்துக்கொள். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது எண்ணெய் புகையும், ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியே தள்ளிவைத்துச் செய். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி நீ பூசியது சீக்கிரமே வெளுத்தால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, பார். அது பின்தங்கியிருந்தால் மேனிஃபோல்டு தேவையில்லாமல் கொதிக்கும்.

கிராஃபைட் தூள் உனக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மச்சான் ஆற்காடு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். டிரம் மட்டும் நீ தேடிக்கொள். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்