ஆமையை வீடு சேர்த்தவருக்கு

அன்பு நண்பர்களுக்கு,

குழந்தைகள் பென்சிலால் கோடு இழுத்து வழி கண்டுபிடிக்கும் என் புத்தகம் நேற்று மாலை அச்சேறிவிட்டது. 32 பக்கங்களும். படங்களைத் திரும்ப வரைந்த அந்த 11 நாட்களில் நடந்ததைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லவும் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் என்னோடு கண்விழித்தவர்கள்.

எல்லோருக்கும் முன்னால் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அச்சகத்தில் மடிப்பும் பைண்டிங்கும் பார்க்கும் அக்கா அவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு எட்டரை மணி. விடிந்தால் பிளேட், அதாவது அச்சடிக்கும் தகடு, போட வேண்டும். அச்சுக்கு முன் சரிபார்க்கும் கடைசிப் புரூஃப் தாள்கள் மேசைமேல் கிடந்தன. திரையில் எத்தனையோ முறை சரிபார்த்த படங்கள்தாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகவே பார்த்திருந்தேன். அக்கா வீட்டுக்குப் புறப்பட்டு, பையையும் தோளில் மாட்டிவிட்டார். போகிற வழியில் அந்தத் தாள்களைப் புரட்டியவர், பையை இறக்கி வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பக்கங்களை முன்னும் பின்னுமாக ஒட்டி, எட்டுத் தாள்களாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடுவில் இரண்டு பின் அடித்தார். புத்தகம் போலவே ஒரு டம்மி கைக்கு வந்தது.

பிறகு உட்கார்ந்தார். மடிப்பை அழுத்தும் கட்டையின் முனையை முயலின் காலடியில் வைத்து மெல்ல நகர்த்தினார். புரூஃபில் கோடு விழக்கூடாது என்று பென்சிலைத் தொடவில்லை. முயல் வளைக்குப் போய்ச் சேர்ந்தது. எறும்பு புற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. சரியான வழி கண்ணுக்குத் தெரிந்தாலும், முட்டுச்சந்து ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்துத்தான் திரும்பினார். குழந்தைகள் அப்படித்தானே போவார்கள்!

12ஆம் பக்கத்தின் ஓரத்தில் கட்டை நின்றது.

“அம்மா, ஆமை வீட்டுக்குப் போகவில்லையே” என்றார்.

குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்தில் பாதை மூன்றாம் வரிசையில் வெளியே வருகிறது. வலப்பக்கத்தில் அது நான்காம் வரிசையில் தொடங்குகிறது. இடையில் சுவர். இரண்டு பக்கங்களையும் வெவ்வேறு நாளில் திரும்ப வரைந்ததில் வந்த வினை. அதோடு அவர் விடவில்லை. பின் அடிக்கிற 32 பக்கப் புத்தகத்தில் 16, 17 மட்டும்தான் ஒரே தாளில் அருகருகே வரும், மற்ற இடங்களில் எதிரெதிர்ப் பக்கங்கள் வேறு வேறு தாள்கள், மடிப்பில் ஒரு மயிரிழையாவது விலகும் என்று டம்மியைப் பிரித்தே காட்டினார். ஆமையை நடுப்பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். இரவோடு இரவாக மாற்றினோம். மணி பன்னிரண்டு தாண்டும்வரை அவர் போகவில்லை.

அன்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து பிழையானால் வாசிக்கிற பெரியவர் திருத்திப் படித்துவிடுவார். வழி கண்டுபிடிக்கும் புத்தகத்தில் வழியே இல்லை என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கு அது புத்தகத்தின் தவறு என்று தெரியாது. தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிடும். எத்தனை பிரதிகளோ அத்தனை குழந்தைகளுக்கு நான் அதைச் செய்யவிருந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கணினியை இரவல் தந்தவருக்கும், தம் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு என்னோடு சேர்ந்து புல்லும் பூவும் வரைந்த மூவருக்கும், பளபளப்புத் தாளில் பென்சில் வழுக்கும் என்று சொல்லிச் சொரசொரப்பான தாளை வாங்கவைத்த தோழிக்கும், பணம் பிறகு தரலாம் என்ற அச்சக உரிமையாளருக்கும் என் நன்றி. தடித்த கிரேயானோடு வந்து, பாதை போதாது என்று சுவர்மேலேயே கோடு இழுத்துக் காட்டிய குட்டி வாசகர்களே, உங்களால்தான் எல்லாப் பாதைகளும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாயின.

இனி என் புத்தகம் எதுவும் மடித்து, பின் அடித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கையால் நடந்து பார்க்காமல் பிளேட்டுக்குப் போகாது. அக்கா, இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் செய்த டம்மி என் மேசையில்தான் இருக்கிறது. விளக்கருகே சாய்த்துப் பிடித்தால் கட்டை நகர்ந்த தடம் தாளில் மெல்லிய பள்ளமாகத் தெரிகிறது. முயலின் தடம், எறும்பின் தடம், 12ஆம் பக்கத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்ட ஆமையின் தடம்.