பட்டையில் கோடு விழுந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு சொட்டு இரத்தத்தில் துளியிலும் துளியாக இருக்கும் புரதத்தைக்கூடப் பிடித்துவிடும் புதிய நோயறி கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மலேரியாவுக்கு அதில் ஒரு பத்திதான். பர்மாவில் தட்டோன் பக்கம் ஒரு கிராமத்தில் விரலில் குத்தி மலேரியா பார்க்கும் தன்னார்வலராக இருக்கிறேன். அந்தப் பத்தியில் விட்டுப்போனதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2017இல் வந்த, மலேரியா பார்க்கும் அதிநுண் சோதனைப் பட்டை, பழைய பட்டையைவிடப் பத்து மடங்கு நுட்பமானது என்பது உண்மைதான். ஆனால் அது தேடிக் கோடு போட்டுக் காட்டுவது எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்தை. நம் பக்கத்து மலேரியாக்களில் ஃபால்சிபாரம் கிருமிதான் அதைச் சுரக்கிறது. மருந்து சாப்பிட்டுக் கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும்; நுட்பம் கூடக் கூடப் பழைய காய்ச்சலுக்கும் கோடு விழும். பர்மாவில் இன்று காய்ச்சலில் கிடப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதோ வைவாக்ஸ் என்ற வேறொரு மலேரியாக் கிருமி. நூறு மடங்கு நுட்பமாக்கினாலும் அந்தப் பட்டை வைவாக்ஸைக் காட்டாது. 2019இல் 78,000 பேருக்கு இருந்த மலேரியா 2022இல் 5,84,000 பேருக்குப் பரவியது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்து உறங்கும். குளோரோகுயின் மாத்திரை இரத்தத்தில் உள்ளதைக் கொல்லும், ஈரலில் உறங்குவதைத் தொடாது. ரப்பர் பால் வெட்டப் போகும் பிள்ளைகள் குணமாகி வேலைக்குப் போவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க என் வாசலில் வந்து உட்காருவார்கள். “மறுபடியும் கொசு கடிச்சிருச்சு போலக்கா” என்பார்கள். பெரும்பாலும் அது புதுக் கடியே அல்ல. உறங்கும் கிருமியை நேராகக் காட்டும் இரத்தச் சோதனை இன்னும் எங்கும் வரவில்லை. எட்டு எதிர்ப்பொருள்களை அளந்து, கடந்த ஒன்பது மாதத்தில் வைவாக்ஸ் வந்ததா என்று 80 சதவீத அளவுக்குச் சொல்ல முடியும் என 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது கிராமம் வரை வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போதைக்கு எங்கள் பக்கம் ஈரலைச் சுத்தம் செய்ய பிரைமாகுயின் மாத்திரைதான் வழி, வழக்கமாகப் பதினான்கு நாள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அதே மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, ஆள் துவண்டுபோவார். (அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது என்பதும் இந்தக் குறைபாட்டால்தான்.) இந்தப் பயத்தில் மாத்திரையே கொடுக்காமல் விடுவதும் உண்டு, நொதி அளவைப் பார்க்காமல் கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டிலும் அடிபடுவது அந்தப் பிள்ளைகள்தான்.

இதற்குத்தான் ஜி6பிடியை அளக்கும் ஒரு கையடக்கக் கருவி வந்திருக்கிறது. கொரியாவின் எஸ்டி பயோசென்சர் தயாரிப்பு. 2024 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் பெற்றது. விரல் நுனி இரத்தம் பத்து மைக்ரோலிட்டர், இரண்டு நிமிடம். நொதியின் அளவையும் ஹீமோகுளோபினையும் எண்ணாகவே காட்டிவிடும். நொதியின் எண் 4.0 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைபாடு, 6.0க்கு மேல் என்றால் சரி. இடைநிலை என்ற வகை பெண்களுக்குத்தான்; ஆண்களுக்கு 4.0க்கு மேல் என்றாலே சரி. நிறம் மாறுவதை மட்டும் பார்க்கும் சோதனைகள் இடைநிலைப் பெண்களைச் சரியென்றே காட்டிவிடக்கூடும். எண் வந்தால் அந்தத் தப்பு குறையும். குறைபாடு இருப்பவரையும் கைவிட வேண்டியதில்லை: மருத்துவர் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் கொடுக்கும் முறை இருக்கிறது.

நடைமுறையில் ஒரு சங்கடம், இந்தக் கருவியின் சோதனைப் பட்டைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. ஏப்ரலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அதற்கு வழியில்லை. மின்சாரத்தையும் நம்ப முடியாது. ஆகவே கருவி ஊருக்கு ஒன்று என்று கேட்கவில்லை. மருத்துவ முகாம் நடத்தும் கோயில் கமிட்டிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, பட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் ஊர் ஊராக எடுத்து வரலாம். ஒருவருக்கு வந்த எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால், காய்ச்சல் வரும் நாளில் அந்த அட்டையைப் பார்த்து மாத்திரையை முடிவு செய்துகொள்ளலாம்; காய்ச்சல் நேரத்து அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டிவிடும் என்ற கவலையும் குறையும்.

யாங்கோனில் உள்ள நம் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டு வாங்கி அடுத்த இதழில் போடுங்கள். கர்ப்பிணிகளுக்கு பிரைமாகுயின் கூடாது என்பதையும் அதில் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தட்டோன், மொன் மாநிலம்