பார்பரா பாட்டில் அழுகை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பார்பராவைச் 'சோகப் பாடகி' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. படித்ததும் மனசு கேட்கவில்லை. தானே எழுதி, தானே மெட்டமைத்து, பியானோ முன் உட்கார்ந்து பாடியவர் அவர். அந்தச் சோகத்தை எப்படி எழுதினார் என்று ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம்.

பிரெஞ்சு நகரமான நாந்த் பெயரிலேயே அமைந்த 'நாந்த்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தை விட்டுப் போய்விட்ட அவருடைய தந்தை, 1959 டிசம்பரில் அந்த ஊரில் இறந்தார். பாட்டில் முதலில் மழை. பிறகு ஒரு செய்தி: உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார், சீக்கிரம் வாருங்கள், 25, கிரான்ஜ்-ஓ-லூ தெரு. நீண்ட நடைவழியின் கோடியில் ஓர் அறை. கணப்பருகே உட்கார்ந்திருந்த நான்கு ஆண்கள் இவரைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். இவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பார்வையிலேயே காலம் கடந்துவிட்டது என்று புரிந்துபோகிறது.

அதுவரை 'அப்பா' என்ற சொல்லே கிடையாது. நாடோடி, காணாமல் போனவர் என்றுதான் சொல்கிறார். ரோஜாக்களுக்கு அடியில் அவரைக் கிடத்திய பிறகே 'அப்பா, அப்பா' என்கிறார். பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய நாளில் இந்தப் பாட்டை அகராதியும் கையுமாகக் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அதே தந்தை சிறுவயதில் தமக்குச் செய்த பாலியல் கொடுமையைப் பார்பரா எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1998-ல், அது நூலாக வந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தை என்னால் நிதானமாகக் கேட்கமுடிந்ததில்லை.

'கோட்டிங்கன்' பாட்டும் உண்டு. யூதக் குடும்பத்தில் பிறந்து, போர்க்காலத்தில் ஒளிந்து வாழ்ந்த பார்பரா, 1964-ல் தயங்கித் தயங்கித்தான் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குப் பாடப் போனார். அரங்கில் அவர் கேட்ட பெரிய பியானோ இல்லை. மாணவர்கள் ஒரு மூதாட்டி வீட்டிலிருந்து சுமந்து வந்தார்கள். அந்த ஊரின் ரோஜாக்களையும் குழந்தைகளையும் பற்றி எழுதிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

கிரான்ஜ்-ஓ-லூ என்றொரு தெரு அன்று நாந்த் நகரில் இல்லை. பாட்டுக்காக அவர் கற்பனை செய்தது. 1986-ல் அந்நகரம் ஒரு தெருவுக்கு அந்தப் பெயரையே வைத்தது. திறந்துவைக்க அவரே போயிருந்தார். இவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுச்சேரி