கூச்சம் என்று சொல்லிக் கை கழுவலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் அமெரிக்க மனநல மருத்துவம் பற்றிய கட்டுரை படித்தேன். லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், சிகிச்சைக்கு வராததற்குக் கூச்சமும் பழைய நம்பிக்கைகளும்தான் காரணம் என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். டெக்சஸில் ஒரு சிறிய கிளினிக்கில் செவிலியராக இருக்கும் எனக்கு இது ஏற்புடையதாக இல்லை.

அவர்கள் வரத்தான் செய்கிறார்கள். வந்தபின் நடப்பதுதான் கொடுமை. மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு தாய் தன் 10 வயது மகளுடன் வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் மனச்சோர்வை அளக்கும் படிவத்தின் கேள்விகளை அந்தச் சிறுமியே அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு வந்தாள். "செத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறதா?" என்ற கேள்வி வந்ததும் மருத்துவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மாவிடம் கேட்காமலே, "இல்லை" என்றாள். படிவத்தில் அந்த வரிக்கு நேரே பூஜ்யம் ஏறியது. அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இலேயே அமெரிக்க மத்திய அரசு விதி வகுத்தது. யார் பார்க்கிறார்கள்?

நியூயார்க்கில் ஸ்பானிஷ் பேசும் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்த லூயிஸ் மார்கோஸ் குழுவினர், ஆங்கிலத்தில் பேட்டி கண்டபோது நோய் கடுமையாகத் தெரிந்ததாக 1973இல் எழுதினர். 1981இல் மெக்சிக வம்சாவளி நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வோ, ஸ்பானிஷில்தான் அறிகுறிகள் கூடுதலாக வெளிப்பட்டன என்றது. எது சரி என்பதை வல்லுநர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கேட்கும் மொழியைப் பொறுத்து மதிப்பீடு ஆடுகிறது என்பதை இரண்டுமே காட்டுகின்றன.

குடும்பத்தில் சாவு விழுந்த சேதி கேட்டதும் போர்ட்டோ ரிக்கோ பெண் ஒருவர் அலறி, உடல் நடுங்கி, நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவதாகச் சொன்னால், அவர் ஊரில் அதற்கு 'அத்தாக்கே தே நெர்வியோஸ்' (நரம்புத் தாக்குதல்) என்று பெயர். துக்கத்தின் ஒரு வடிவம் அது. விவரம் தெரியாதவர் அதைப் பைத்தியம் என்றே எழுதிவிடக்கூடும். அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 1994லிருந்தே இந்தப் பெயர் இருக்கிறது. 2013 பதிப்பிலோ, நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியைக் கேட்டறிய 16 கேள்விகளையே கொடுத்திருக்கிறார்கள். 'உங்கள் பிரச்சினைக்கு என்ன காரணம் என்று உங்கள் வீட்டார் நினைக்கிறார்கள்?' என்பது போன்ற எளிய கேள்விகள்தான். ஆனால் கட்டாயமில்லை. ஆளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கும் இடத்தில் யார் கேட்பார்கள்?

இதே மக்களின் வீடு தேடிப் போய், அவர்கள் பேச்சிலேயே பேசி, கிளினிக்குக்கு அழைத்துவரும் 'ப்ரொமோதோரா' பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பலர் சம்பளமே வாங்காதவர்கள். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதுமுன் அவர்களில் ஒருவரிடமாவது பேசட்டும்.

வாசகி,
டெக்சஸ், அமெரிக்கா